காளவாய் மூலை

எங்கள் குழியில் குழந்தையின் எலும்புக்கூடு தலைகாட்டியபோது முதலில் கூச்சல் போட்டவள் நான்தான். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். மண் சுரண்டும் கரணையை வீசிவிட்டுக் குழிக்குள்ளேயே குதித்தேன். குழிக்குள் குதித்தால் மண் சுவர் சரியும், குதிக்கவே கூடாது என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். பேராசிரியர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அவரும் மேலே நின்று கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாததால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் எங்கள் பல்கலைக்கழகம் அகழாய்வுப் பயிற்சி முகாம் நடத்தும். ஏதாவது ஒரு பழைய இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, மண்ணை எப்படித் தோண்டுவது, தோண்டி எடுத்ததை எப்படிக் கெடாமல் காப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் தேர்ந்தெடுத்த இடம், வெள்ளைக்காரக் கம்பெனியின் அதிகாரி ஒருவன் கட்டிக்கொண்ட மாளிகை. கூரை எப்போதோ போய்விட்டது. தூண்களும் சில சுவர்களும் குதிரை லாயமும் மிச்சம். அதற்குக் காவலாளி என் அப்பா. வெளிவாசலை ஒட்டிய இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். மற்ற மாணவர்கள் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு அந்த இடிந்த கட்டடம் மாமியார் வீட்டுச் சீதனம் மாதிரி. சுவரில் இதயம் வரைந்து அம்பு விடும் காதல் ஜோடிகளை விசிலடித்தே கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். தலைநகரத்து அருங்காட்சியகத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரும் வேலைக்கு அவரை மாற்றுவதாகத் துறையிலிருந்து பல தடவை கேட்டார்கள். கூடவே பெரிய வீடும் உண்டு. ஒவ்வொரு தடவையும் முடியாது என்றுவிட்டார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்படும்.

அம்மா தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பாள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். அவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டான். அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை, கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது என்று நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அப்பா எடுத்துக்கொண்டு போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கே வைத்தீர்கள் என்று அம்மா கேட்டால், ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொண்டார்கள் என்பார். இன்னொரு முறை கேட்டால் விசிலை எடுத்துக்கொண்டு ரவுண்டு போய்விடுவார்.

“அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டா போதும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு” என்று அம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பட்டன் தைத்துக்கொண்டே சொல்வாள், அழமாட்டாள். எனக்கு எரிச்சல்தான் வரும். நான் மார்க் குறைந்தால் அவன் இருந்திருந்தால் நன்றாகப் படித்திருப்பான், நான் எதிர்த்துப் பேசினால் அவன் இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டான். இல்லாத அண்ணனோடு போட்டி போட்டுத் தோற்றே வளர்ந்தவள் நான்.

முகாமின் முதல் நாள் பேராசிரியர் எங்களை வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார். தலையில் எப்போதும் ஒரு துணித் தொப்பி, அதற்குக் கீழே எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு. சட்டைப் பையிலிருந்து பழைய சாவிக் கடிகாரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அது அவருடைய தாத்தாவுடையதாம். இதைப் பையில் வைத்துக்கொண்டு நான் இப்போது செத்து, என்னை அப்படியே குழியில் போட்டு மூடினால், பிற்பாடு தோண்டுகிறவன் கடிகாரத்தைப் பார்த்து என்னை என் தாத்தா காலத்தவன் என்று சொல்லலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சொல்லக் கூடாது, ஒரு குழிக்குள் எத்தனை பழைய பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம், அதில் எது எல்லாவற்றிலும் புதிதோ அதுதான் குழியின் வயதைச் சொல்லும் என்றார். இதை மறந்தவன் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன்.

எங்கே தோண்டுவது என்ற பேச்சு வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மாளிகைக்குப் பின்னால், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட்ட பழைய காளவாய் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அந்த வளாகம் முழுக்க ஓடி விளையாட அப்பா என்னை விடுவார், அந்தக் காளவாய் மூலைக்கு மட்டும் விடமாட்டார். பாம்பு இருக்கிறது என்பார். இருபது வருஷம் ஒரே இடத்தில் குடியிருக்கும் பாம்பை யாராவது பார்த்ததுண்டா? அங்கே வேறு என்னவோ இருக்கிறது, கிணறோ நிலவறையோ, காவலாளிக்குத் தெரிந்திருக்கிறது என்று பேராசிரியரிடம் சொன்னேன். காவலாளியின் மகள் சொன்னால் சும்மா இருக்குமா? மறுநாளே கயிறு கட்டிவிட்டார்கள்.

அப்பா பேராசிரியரிடம் பாம்பைப் பற்றிச் சொன்னார். பாம்பு பிடிப்பவர் வந்து அரை நாள் கம்பை விட்டுக் குடைந்து ஒரு ஓணானோடு திரும்பிப் போனார். பிறகு காளவாய்ச் சுவர் இடிந்து விழும் என்றார் அப்பா. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இது உங்கள் பேரன் காலத்திலும் விழாது என்றார். அதற்குமேல் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அவரை விடவில்லை. ஓணானுக்கா இத்தனை நாள் பயந்தீர்கள் என்று வம்புக்கு இழுத்தேன். அவர் சாப்பிடாமல் எழுந்தார்.

“செத்தவங்களக் கிளறுற படிப்பு உனக்கு எதுக்கும்மா?” என்றார்.

“பின்ன, உயிரோட இருக்கிறவங்களயா தோண்ட முடியும்?” என்றேன். அம்மாகூடச் சிரித்தாள்.

குழியில் முதலில் வந்தது சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண். அதற்கடியில் ஒரு தகரப் பெட்டியின் மூடி. துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக இருந்தாலும் நடுவில் கம்பெனி முத்திரை தெளிவாகத் தெரிந்தது. மூடியைத் துண்டு துண்டாக எடுத்தோம். கீழே, முட்டை ஓடு கனத்தில், ஒரு சின்ன மண்டை. அப்போதுதான் நான் குதித்தது.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த அதிகாரி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், மகன் பிறந்து இறந்ததாகவும் வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டதாகவும் ஒரு வரி இருக்கிறதாம். பல வருஷமாக அந்த வரியை வைத்துக்கொண்டு அவர் தேடியிருக்கிறார். கடிதத்தில் குழந்தை இருக்கிறது, குழியில் குழந்தை இருக்கிறது, பெட்டியில் முத்திரை இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? யாரும் வேறு எதையும் கேட்கவில்லை. அடிக்கோடு போட்ட நானும் கேட்கவில்லை.

இடத்தைக் காட்டியவள் என்பதால் எலும்பைச் சுத்தம் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. குப்புறப் படுத்து, மூங்கில் குச்சியாலும் சின்னப் பிரஷாலும் மண்ணைத் துளித் துளியாக எடுக்க வேண்டும். நெற்றி வந்தது, கண்குழிகள் வந்தன, தாடை வந்தது. என் கூட்டாளி ஒருத்தி, ரகசியம் எதுவும் தங்காததால் அவளுக்குச் சல்லடை என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் மேலே நின்று கைதட்டினாள். முகம் முழுக்கத் தெரிந்ததும் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார்கள். நான் பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தேன். அந்தப் படம்தான் செய்தித்தாளில் வந்தது. ‘துரை வீட்டுக் குழந்தை கிடைத்தது’ என்று தலைப்பு.

அப்பா அந்த நாட்களில் குழியை விட்டு நகரவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் நாற்காலியைக் கொண்டுபோய்க் குழியருகே போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு கடமை வீரரை நான் பார்த்ததே இல்லை என்று பேராசிரியர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

செய்தி வந்ததும் ஊரே திரண்டு வந்தது. அம்மாவும் கழுத்தில் போட்ட அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள். நான் குழிக்குள்ளிருந்து, எது தலை, எது விலா என்று பெரிய டாக்டர் மாதிரி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் கொஞ்சம் விலகியதும் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பாவம், எந்த ஊர்லேர்ந்தோ வந்து பெத்து, இங்க விட்டுட்டுப் போயிருக்கா” என்றாள். “ஆனா எங்க வச்சோம்னு அவளுக்காவது தெரிஞ்சிருக்கும்.”

இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டுமா என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் இத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்து இழுக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. மறுபடி எலும்புக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு எலும்புகளை எடுத்தோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. மண்டை தனி, விலா தனி, வலது கை தனி, இடது கை தனி. ஒவ்வொன்றும் ஒரு துணிப்பையில் போகும், பையின் வாயில் சீட்டுக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் எலும்பு வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அந்தப் பைகளை முகாமுக்குத் தைத்துக் கொடுத்தது என் அம்மா. எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, முகாமின் பொருள் அறையாக மாற்றியிருந்த குதிரை லாயத்தில் வைத்தோம்.

வயிற்றுப் பகுதியில் இருந்த மண்ணை மட்டும் தனியாக ஒரு பையில் எடுத்து வைப்பது வழக்கம். வயிற்றுக்குள் இருந்த சின்னப் பொருள் எதுவும் தவறிவிடக் கூடாது என்பதற்காக. மறுநாள் லாயத்து வாசலில் வாளியை வைத்துக்கொண்டு, நைலான் சல்லடையில் அந்த மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி அலசினேன். சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி ஓடியது. சல்லடையின் அடியில் ஒரு வெள்ளைத் துண்டு தங்கியது. எலும்பு என்று நினைத்து எடுத்தேன். எலும்பு இத்தனை லேசாக இருக்காது. பிரஷால் தேய்த்தேன்.

பிளாஸ்டிக் கிளிப். பல்லோடு பல் கவ்வி மூடிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். சித்திக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் நான். குழந்தையின் தொப்புளில் என்ன துணி காயப்போடுகிற கிளிப் என்று நர்ஸிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கொடியை வெட்டியதும் ரத்தம் வராமலிருக்கப் போடும் கிளிப். அதே அளவு, அதே பல் வரிசை.

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்து என் காலை நனைத்துக்கொண்டிருந்தது, குழாயை மூடத் தோன்றவில்லை. கூட்டாளி சல்லடை வந்து குழாயை மூடிவிட்டு, என்னடி என்று கேட்டாள். முதல் தடவையாக அவளும் விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயே திறக்கவில்லை.

பேராசிரியரின் உள்ளங்கையில் கிளிப்பை வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். எலி இழுத்து வந்திருக்கலாம் என்றார். குழியின் படத்தை வரைந்தவளே நான், அதில் எலி வளை எதுவும் இல்லை. வேர் வழியாக இறங்கியிருக்கலாம் என்றார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கையில்லை. பிறகு மேஜை மேல் உட்கார்ந்துவிட்டார். கம்பெனி முத்திரை போட்ட பெட்டியில் கம்பெனிக்காரன்தான் வைக்க வேண்டுமா? லாயத்தை ஒட்டிய சாமான் அறையில் அப்படி நாலைந்து தகரப் பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அவர் தாத்தாவின் கடிகாரத்தைப் பார்த்து அவரையே தாத்தா என்று எழுதி, செய்தித்தாளிலும் போட்டுவிட்டோம்.

“வேலி இருக்கு, கேட் இருக்கு, காவல் இருக்கு” என்றார் பேராசிரியர். “வெளியாள் எப்படி உள்ள வந்து...”

அவர் அதை முடிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு, இடிந்து விழும் சுவர், முடியாது என்று திருப்பி அனுப்பிய மாற்றல்கள், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. எல்லாம் ஒன்றாக வந்து மோதின. காளவாயைப் பார்த்து ஓடினேன்.

அப்பா காளவாயருகே இருந்தார். குழியை மண் போட்டு மூட ஆட்கள் வருவதாக இருந்தது, அவர்களுக்காகக் காத்திருந்தார். என் கையைப் பார்த்தார். கிளிப் என்னிடம் இல்லை, பேராசிரியரிடமே இருந்தது. ஆனாலும் நான் ஓடி வந்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்பது மாதிரி.

அவர் சொன்னது கொஞ்சம்தான். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாள். இடுகாட்டில், சான்றிதழ் இல்லாமல் எடுக்க மாட்டோம், காலையில் வா என்றார்கள். அவருக்கு அன்று டியூட்டி, மாற்று ஆள் கிடையாது. சைக்கிள் கைப்பிடியில் பையை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார். காலையில் எடுத்துப் போய்விடலாம் என்றுதான் பெட்டியில் வைத்து, லேசான மண்ணாகப் பார்த்து மூடினார். காலையில் அம்மா பிழைப்பாளா என்றே தெரியவில்லை. அவள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, மறுபடி தோண்ட அவருக்குக் கை வரவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டினால் வேலை போய்விடும், ஜெயிலும் உண்டு என்ற பயம் வேறு. ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதற்குக் காவல் நிற்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

“மாத்தல் குடுத்தாங்க. இவன இங்க விட்டுட்டு நான் எப்படிப் போறது?” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கரணையைக் கையில் எடுத்த அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே, மூடியைத் தூக்கும் முன்னாலாவது சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். என்னை என்ன செய்ய விட்டீர்கள் தெரியுமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லணும்னுதான் கிட்ட வந்தேன்” என்றார். “நீ ரொம்ப சந்தோஷமா இருந்தம்மா.”

அவர் தானாகவே விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன்.

அம்மா ஒரு சீருடைக் கால்சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இந்த நேரத்தில் என்ன வீட்டுக்கு என்று அம்மா தலை நிமிராமலே கேட்டாள். அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், துரை வீட்டுக் குழந்தை இல்லை அது, நம்முடையது என்று சொன்னார். அம்மாவின் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. துணி முடிந்து கீழே விழுந்த பிறகும் ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. நான் போய்ச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

அவள் அப்பாவை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் பாத்தேனே, அதுவா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். கிட்ட வரட்டுமா என்று கேட்டேனே என்றாள். அதை இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு எழுந்து வெளியே நடந்தாள். செருப்புப் போடவில்லை.

லாயத்தில் பேராசிரியர் அதற்குள் மேலே தகவல் சொல்லிவிட்டிருந்தார். அண்மைக் காலத்து எலும்பு என்றால் போலீசுக்கும் துறைக்கும் உடனே சொல்ல வேண்டும் என்பது சட்டம். காலையில் வருவார்களாம், அதுவரை யாரும் தொடக் கூடாதாம். அட்டைப் பெட்டியை மூடி நாடா ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார். விதியைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் அவருக்கே வார்த்தை தடுமாறியது.

“நான் எடுத்துட்டுப் போகல சார்” என்றாள் அம்மா. “பாத்துட்டுக் குடுத்துடுறேன்.”

பேராசிரியர் தன் கையெழுத்தின் மேலேயே கத்தியை வைத்து நாடாவை அறுத்தார்.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். குழிக்குள் பார்த்த மாதிரி ஒரு குழந்தை படுத்திருக்கும் என்று நினைத்திருப்பாள். உள்ளே பைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் சீட்டு. அவள் ஒரு பையைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள்.

“ஏன்டி இப்படித் தனித்தனியா வச்சிருக்க?” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

அதுதான் முறை என்று என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை. சேர்த்து வை என்றாள். பேராசிரியர் மேஜையிலிருந்த காகிதங்களை அள்ளிவிட்டு வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக் கொடுத்தார். நான் பைகளை அவிழ்த்தேன். எந்த எலும்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் அந்தக் கோடையில் கற்றுக்கொண்டேன். மண்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி மேலே வைத்தேன். முதுகெலும்பை ஒவ்வொரு மணியாக அடுக்கினேன். விலா எலும்புகள் தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், இடது வலது மாறாமல் வைத்தேன். கைகள், கால்கள். விரல் எலும்புகளை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, விட்டால் உருண்டுவிடும். அந்தக் குழியில் இதையெல்லாம் எடுக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே எடுத்தேன். அது நினைவுக்கு வந்தது. மிச்சத்தையும் வைத்து முடித்தேன்.

மேஜை மேல் ஒரு குழந்தை அளவுக்கு எலும்புகள் படுத்திருந்தன. என் அண்ணன். முழங்கையிலிருந்து என் விரல் நுனிவரைகூட நீளம் வரவில்லை. இத்தனை நாள் என்னைவிட நன்றாகப் படித்தவன், எதிர்த்தே பேசாதவன் இவன்தான்.

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலிலிருந்து தலைவரை பார்த்தாள். தொடவில்லை. அழுதாள், ஆனால் சத்தம் வரவில்லை. பிறகு, அப்பா வாசற்படிக்கு வெளியே நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது போல, அவரைக் கேட்டாள்.

“மூஞ்சி யார மாதிரி இருந்துச்சு?”

மறுபடி கேட்டாள். நீங்கள் ஒருத்தர்தான் பார்த்தவர், அதையாவது சொல்லுங்கள் என்றாள்.

“பாக்கல” என்றார் அப்பா.

அம்மா திரும்பினாள்.

“சுத்திக் குடுத்தாங்க. துணிய வெலக்கிப் பாக்கத் தைரியம் வரல எனக்கு. அப்படியே வச்சு மூடிட்டேன்.”

பேராசிரியர் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்றவள் பார்க்கவில்லை, புதைத்தவர் பார்க்கவில்லை. இந்த வீட்டில் அவன் முகத்தை முதலில் பார்த்தவள் நான். குப்புறப் படுத்துக்கொண்டு, பிரஷால் மண்ணைத் தள்ளி, சல்லடையின் கைதட்டலோடு பார்த்தேன்.

அம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது.

“அப்போ நீதான் பாத்திருக்க” என்று என் பக்கம் வந்தாள். “சொல்லு. எப்படி இருந்தான்?”

ஏழு மாதத்துக் குழந்தையின் மண்டை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நெற்றி அகன்று, முகம் சிறுத்து, கண்குழி பெரிதாக. யார் ஜாடை என்று எலும்பைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அப்படிச் சொல்கிறவன் புளுகுகிறான் என்று பேராசிரியரே பாடம் எடுத்திருந்தார். அவர் எனக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தார்.

“நெத்தி நல்லா அகலம்மா” என்றேன். “உன் நெத்தி.”

பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள்.